ஏழு மணி பஸ்ஸுக்குக் கம்பு, அவல் குக்கீஸ்

என் மகளுக்கு சீலியாக், அதாவது கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய், என்று தெரிந்த பிறகும் எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு பெரிதாக மாறவில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், கம்மங்கூழ் எதிலும் கோதுமை கிடையாது. திண்டாட்டமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத நாட்களில்தான். அவள் பத்தாம் வகுப்பு. ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் ஏழு மணிக்கே பஸ் வந்துவிடும். அந்த நேரத்தில் அவளுக்கு இட்லி தொண்டையில் இறங்காது. பஸ்ஸில் போகும்போது கையில் வைத்துக் கடிக்க ஏதாவது வேண்டும். கூட வரும் பிள்ளைகள் பன், பிஸ்கட் என்று கொண்டு வருவார்கள். இவளுக்கு அது எதுவும் ஆகாது.

கடையில் ராகி பிஸ்கட், சிறுதானிய பிஸ்கட் என்று அடுக்கி வைத்திருக்கிறார்களே என்று கேட்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் முதலில் நிற்பது மைதாவோ கோதுமை மாவோதான். ராகி அப்புறம் கொஞ்சம் வரும், கூடவே பால் பவுடர். பாலும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளூட்டனால் சிறுகுடலின் உள்சுவர் அடிபடும்போது பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதியும் குறைந்துவிடும், குடல் ஆறிய பிறகு பலருக்குப் பால் திரும்ப ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதுவரைக்கும் பால், வெண்ணெய் இரண்டும் வேண்டாம். எங்கள் வீட்டு அடுப்படியில் முட்டை எப்போதுமே கிடையாது. அப்படித்தான் எங்கள் குக்கீ வீகன் ஆனது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் இந்த மாதிரி குக்கீக்கு ஓட்ஸ்தான் அடிப்படை. ஓட்ஸில் கோதுமைக் குளூட்டன் இல்லை என்பது சரிதான். ஆனால் வயலிலும் மில்லிலும் கோதுமையோடும் பார்லியோடும் அது கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டை நம்பி அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் நான் போடுவது சிவப்பு அவல். கெட்டி அவலாக வாங்கி, வாணலியில் எண்ணெய் விடாமல் மொறுமொறுப்பாகும் வரை வறுத்து, மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் விட்டு ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். கடிக்கும்போது அங்கங்கே பல்லில் அகப்படும் அந்த நறுக் எனக்கு ஓட்ஸை விடப் பிடித்திருக்கிறது.

மாவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனை மாவு மில் அண்ணா ரொம்ப நல்லவர். "கோதுமை அரைச்சதுக்கப்புறம் கொஞ்சம் அரிசியை ஓட விட்டுட்டுத்தான் உங்களுதைப் போடுவேன் அம்மிணி, கவலைப்படாதீங்க" என்பார். அவர் சொன்னபடி செய்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கல்லிடுக்கிலும் மாவு விழும் துணிக்குழாயிலும் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சீலியாக் உள்ளவர்களுக்கு அந்தத் துளி போதும், குடல் மறுபடி புண்ணாகும். அதனால் முழுக் கம்பாக வாங்கி, கல் பொறுக்கி, கழுவி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கிறேன். அந்த ஜாரில் கோதுமை பட்டதே இல்லை. சல்லடையும் மரக்கரண்டியும் அவளுக்கென்றே தனி. சப்பாத்தி தேய்க்கும் நேரத்தில் குக்கீ வேலையைத் தொடவே மாட்டேன், மாவு பறந்து வந்து விழும்.

கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்து நாளானால் கசப்பு தட்டிவிடும். அப்போதைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

இப்போது அளவு. தோல் கறுக்க ஆரம்பித்த மோரீஸ் பழம் 2, உரித்தால் 200 கிராம் வரை வரும். பூவனில் புளிப்பு தெரியும், கற்பூரவள்ளி என்றால் சர்க்கரையைக் குறைக்கலாம். ஆளி விதைப் பொடி 1 மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிஷம் வையுங்கள். கரண்டியில் எடுத்தால் வழவழவென்று இழுபடும். முட்டை செய்கிற வேலையை இங்கே அது பார்க்கும். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை எண்ணெய் விட்டு வரும் வரை அரைத்த விழுது அரை கப், நாட்டுச் சர்க்கரை 60 கிராம், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. இவற்றைப் பழத்தோடும் ஆளி விதையோடும் சேர்த்து மசித்துக்கொண்டு, உடைத்த அவல் 100 கிராம், கம்பு மாவு 90 கிராம், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, சுக்குப் பொடி கொஞ்சம் போட்டுப் பிசைந்து, கடைசியாக எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன். வறுத்த எள்ளும் நறுக்கிய பேரீச்சையும் உங்கள் இஷ்டம்.

பிசைந்ததும் ஓவனில் வைத்துவிடாதீர்கள். இருபது நிமிஷம் மூடி வையுங்கள். கம்பு மாவு மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் குக்கீ நாக்கில் நறநறக்கும், கையிலெடுத்தால் உதிரும். கோதுமையில் மாவைப் பிடித்து நிறுத்துவதே குளூட்டன்தான். அது இல்லாத இடத்தில் பழம், ஆளி விதை, கடலை விழுது மூன்றும் சேர்ந்துதான் பிடிப்பைத் தர வேண்டும். ஊறிய மாவு இட்லி மாவை விடக் கெட்டியாக, வடை மாதிரி தட்ட வர வேண்டும். எலுமிச்சை அளவு உருட்டி அரை அங்குல கனத்துக்குத் தட்டுங்கள். சுடும்போது இது தானாகப் பரவாது, தட்டின வடிவம் அப்படியே நிற்கும். 175 டிகிரியில் 18 நிமிஷம். வெளியே எடுக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று தோன்றும். ஓரம் சிவந்திருந்தால் போதும், ஆறினால் இறுகிவிடும்.

நம் ஊரில் சீலியாக் வடக்கை விடக் குறைவு என்பதால் சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதே ஒரு வேலை. கட்டிப் பெருங்காயத்திலும் கூட்டுப் பெருங்காயப் பொடியிலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை. சாம்பாரை வேண்டாம் என்று அவள் சொல்வது அடம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை படுகிற சங்கடம் எனக்குத்தான் தெரியும். இன்னொன்று: உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வாழைப்பழம் இருப்பதால் குக்கீ வெளியே இரண்டு நாள்தான் தாங்கும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். தட்டிய வில்லைகளை அப்படியே ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டிய அன்று காலையில் எடுத்துச் சுடலாம், மூன்று நிமிஷம் கூடுதலாக விட்டால் சரி. ஓவன் இல்லாதவர்கள் கோபியில் இருக்கும் என் அத்தை செய்வது போலச் செய்யுங்கள். கனமான வாணலியில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடேற்றி, எண்ணெய் தடவிய தட்டில் வில்லைகளை வைத்து, சிறு தீயில் 25 நிமிஷம். அடிப்பக்கம் ஓவனில் வருவதை விடச் சிவந்து வரும். என் மகள் அத்தை சுட்டதைத்தான் முதலில் எடுப்பாள்.