கச்சான் பக்கம்

கொடைக்கானலில் அன்று மே மாதக் கூட்டம். நான் வானம் காட்டிக்கொண்டிருந்த தொலைநோக்கிக்கு முன்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முறை வந்தும் குனிந்து பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"தம்பி, நடுக்கடல்ல, விடியறதுக்கு முந்தி, கச்சான் பக்கமா ஒரு வெளிச்சம். படகு போற வேகத்துக்குக் கூடவே வந்துச்சு. என்னது அது?"

"வெள்ளிக் கிரகம், அண்ணாச்சி."

அவர் என்னையே பார்த்தார். "விடிவெள்ளி எனக்குத் தெரியாதா, தம்பி?" மருமகள் கூப்பிட்டார், போய்விட்டார்.

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தொலைவில் இருக்கும் எந்த வெளிச்சமும் நம்மோடு கூட வருவது போலத்தான் தெரியும். லடாக் எல்லையில் ராணுவ வீரர்கள் உளவு விமானம் என்று நினைத்த வெளிச்சங்களை, 2013இல் பெங்களூரு வானியற்பியல் விஞ்ஞானிகள் வெள்ளியும் வியாழனும் என்றார்கள். இரவெல்லாம் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கே அந்தக் குழப்பம்.

ஆனால் அந்த விஞ்ஞானிகள் எந்த நேரம், எந்தத் திசை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்கள். 2015இல் அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த ஒரு வீடியோவில், கடல் பரப்பை ஒட்டி ஏதோ ஒன்று வேகமாகப் பறந்து போவது போலத் தெரியும். நாசா குழு 2023இல் அந்தத் திரையின் ஓரத்தில் ஓடும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டது. பொருள் இருந்தது 13,000 அடி உயரத்தில். வேகம் மணிக்கு சுமார் 40 மைல், அதாவது காற்றில் மிதந்து போகிற வேகம். ஓடியது விமானம், வேகமாகத் தெரிந்தது அந்தப் பொருள். எண்கள் இருந்ததால்தான் இது தெரிந்தது. வானத்தில் தெரிந்த, இன்னதென்று தெரியாத பொருள்களைப் பற்றி 2021இல் அமெரிக்க உளவுத்துறை கொடுத்த அறிக்கையிலோ 144 சம்பவங்கள், பெரும்பாலும் கடற்படையினர் பார்த்தவை. ஒன்றே ஒன்றைத்தான் காற்றிறங்கிய பலூன் என்று உறுதியாகச் சொன்னார்கள். மற்ற 143க்கும் தகவல் போதவில்லை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு ஒரு தடவைகூட அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

வரிசை நீளம், நேரம் இல்லை என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரோடு பேசும்போதுதான் தெரிந்தது: கச்சான் என்றால் மேல்காற்று. கச்சான் பக்கம் என்றால் மேற்கு.

விடியும் முன் வெள்ளி மேற்கே தெரியாது. கிழக்கேதான்.

அப்படியானால் என்ன அது? தூத்துக்குடிக் கடலில் மேற்கு என்றால் கரைப்பக்கம். கரை விளக்காக இருக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் அதைப் பார்த்துக் கரை சேர்ந்தவருக்கு அது தெரியாமலா போகும்? மேற்கே இறங்குகிற வியாழனாகவும் இருக்கலாம். வருஷமும் மாதமும் கிடைத்தால் கணினியில் இரண்டு நிமிட வேலை.

எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.