கடலோரக் கொல்லையில் ஒரு பட்டிங் கிரீன்

கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டிப் பழகும் பட்டிங் கிரீனுக்காக வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல் விரித்தாயிற்று. ஈரக்காற்று வீசும் இடத்தில் புல்லைவிட அதற்கு அடியில் இருப்பதுதான் முக்கியம். மண்ணைத் தோண்டி, சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஜல்லி பரப்பி, மேலே ஜல்லித் தூள் போட்டு, தண்ணீர் தெளித்து நன்றாக இறுக்கி, 100-க்கு 1 அல்லது 2 என்ற அளவில் லேசான சரிவும் கொடுத்தால்தான் மழைநீர் தேங்காமல் வடியும். அப்புறம் புல் விரிப்பைத் தரையோடு பிடித்து வைக்கும் ஆணி. சாதா இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள். நைலான் இழை ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நான் பாலிப்ரொப்பிலீன்தான் எடுத்தேன். இழைகளுக்கிடையே சிலிக்கா மணலைத் தூவி விறைப்பான துடைப்பத்தால் தேய்க்கத் தேய்க்கப் பந்து உருளும் வேகமே மாறுகிறது, அது தனி போதை! குழிக்கு 108 மில்லிமீட்டர் விட்டம், அதில் சமரசம் இல்லை. நிழல் விழும் மூலையில் மட்டும் இலைகளை அவ்வப்போது கூட்டித் தள்ளுங்கள், பாசி முதலில் அங்கேதான் பிடிக்கும்.