கொட்டாவிக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித்தான் ஓடுகிறது. மதியத்துக்கு மேல் இலை வண்டிகள் வர ஆரம்பிக்கும். எடை போட்டுச் சீட்டு வரும், நான் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஒற்றைத் தலைவலி இந்த வேலைக்கும் முன்பே எனக்கு வந்துவிட்டது. அந்த வகையில் ஆபீஸில் என்னைவிட அதுதான் சீனியர்.

மாதம் இரண்டு முறை வரும், சில மாதம் வராது. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட. "மண்டையில் பனி இறங்கியிருக்கும், குல்லா போட்டுக்கிட்டு வாம்மா" என்பார் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் அண்ணன். மலையில் எந்த நோய்க்கும் முதல் குற்றவாளி பனிதான்.

அந்த 100 கிலோ விவகாரத்துக்குப் பிறகுதான் விழித்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம், வரிசையாகச் சீட்டு. ஒன்றில் 148 கிலோ என்று இருந்ததை 48 என்று ஏற்றியிருக்கிறேன். அவசரமோ கவனக்குறைவோ இல்லை. அந்த 1 எனக்குத் தெரியவே இல்லை. பார்வையின் நடுவில் ஒரு பொட்டு அளவு இடம் காணாமல் போயிருந்தது. கறுப்பாகக்கூட இல்லை, ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மினுமினுத்துக்கொண்டே பெரிதாகி, ஓரமாக நகர்ந்து போனது. 20 நிமிடம் இருக்கும். அது போனதும் தலையின் இடது பக்கம் இடி ஆரம்பித்தது.

மாசக் கடைசியில் அந்த விவசாயி சீட்டோடு வந்து நின்றார். கோபப்படக்கூட இல்லை. "அம்மா, என் பக்கம் ஒரு நூறு குறையுது" என்றார். பச்சை இலை விலை கிடக்கிற கிடையில் 100 கிலோ என்றால் ஒரு வீட்டின் மளிகை. திருத்திக் கொடுத்துவிட்டோம். மேனேஜர் சார் எல்லோர் முன்னாலும், "முதல்ல கண்ணாடி போடும்மா" என்றார். போய்க் காட்டினேன், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. "ஒரு கண்ணை மூடினாலும் அந்தக் கோடு தெரிகிறதா?" என்று கேட்டார் கண் டாக்டர். தெரியும் என்றேன். "அப்படியென்றால் அது கண்ணில் இல்லை, மூளையில். நரம்பு டாக்டரைப் பாருங்கள்."

கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். தலைவலிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் இறக்கத்தின் வளைவுகளே ஒரு தண்டனை, அதைத் தனியாக எழுதலாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதற்கு ஆரா என்று பெயர். மூளையின் பின்பக்கம், பார்வையைக் கவனிக்கும் பகுதியில், நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஓர் அலை நகர்கிறது. அந்த அலை போகிற வழியைத்தான் நான் கோடாகப் பார்க்கிறேன். எறும்பைவிட மெதுவாக நகரும் அந்த ஒன்று ஒருவர் கணக்கில் 100 கிலோவைத் தின்றிருக்கிறது.

பிறகு அவர் கேட்டதுதான் ஆச்சரியம். "முந்தின நாள் கொட்டாவி நிறைய வருமா?"

வரும். வந்துகொண்டேதான் இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த அன்றும் வாய் மூடாமல் கொட்டாவி, கழுத்தில் இறுக்கம், காரணமில்லாத எரிச்சல். கொட்டாவிக்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. "ராத்திரி டிவியா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். அது சோம்பல் இல்லை, வலி புறப்பட்டுவிட்டது என்பதற்கான அறிகுறி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு பழைய இலைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தலைவலிக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், சாப்பிட்டது, தூக்கம், குடித்த டீ. நாலு மாதத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை! ஃபேக்டரியில் டீக்குக் காசு கிடையாது. புதுத் தூள் வந்தால் ருசி பார்க்க ஒரு வாய், இலை வண்டி தாமதித்தால் ஒரு டம்ளர் என்று நாளைக்கு ஏழெட்டு உள்ளே போகும். ஞாயிறு வீட்டில் இரண்டோடு சரி. உடம்பு பழகிய கஃபீன் திடீரென்று குறைந்தால் 12 மணி நேரத்துக்கு அப்புறம் தலைவலி வரலாம் என்றார் டாக்டர். சனி சாயங்காலக் கடைசி டம்ளரிலிருந்து எண்ணிப் பார்த்தேன், ஞாயிறு காலையில் சரியாக வந்து நின்றது. டீயை விடச் சொல்லவில்லை அவர். எல்லா நாளும் ஒரே அளவு என்றார். இப்போது மூன்று, ஞாயிறும் மூன்று. தேயிலை ஃபேக்டரியில் இருந்துகொண்டு டீ வேண்டாம் என்று சொல்வது கல்யாண வீட்டில் பாயசத்தை மறுப்பது மாதிரி. முதல் மாதம் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அடுத்தது தைலம். நீலகிரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா தெரியவில்லை, தைல வாசனை எனக்கு ஆகாது. இடி நடக்கும்போது யாராவது அன்பாக நெற்றியில் தடவிவிட்டால் அடுத்த நிமிடம் வாந்திதான். மற்றவர்களுக்குக் கேட்கிறதென்றால் தடவிக்கொள்ளட்டும். எனக்கு இருட்டு, ஈரத்துணி, சத்தமில்லாத மூலை போதும். காலி சாக்கு வைக்கிற அறைதான் அந்த மூலை. இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி மெஷின் சத்தம் அங்கே வராது.

இதற்கெல்லாம் முன்னால் பெட்டிக்கடை மாத்திரைதான் என் வைத்தியம். வலித்தால் ஒன்று, வலிக்குமோ என்று பயந்தால் ஒன்று. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே போனால் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும் என்று டாக்டர் சொன்னபோது மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இப்போது வலி ஆரம்பித்தவுடனே போட வேண்டிய சுமட்ரிப்டான் பையில் இருக்கிறது. இருதய நோய் உண்டா, பிரெஷர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் புரொப்ரனலாலும் சாப்பிட்டேன், வலி வருவதைக் குறைக்க. அது பிரெஷருக்கும் கொடுக்கிற மாத்திரை என்பதால் பக்கத்து வீட்டு அக்கா, "இந்த வயசிலேயேவா?" என்று ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

தலைவலி நின்றுவிடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது. மூடுபனி விலகிச் சட்டென்று வெயில் அடிக்கும் நாட்களில் எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் ஆபீஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கொட்டாவி தொடர்ந்து வந்தால் டீமேக்கர் அண்ணனிடமும் எடை போடும் பையனிடமும் சொல்லிவிடுவேன். அன்றைக்கு அவன் ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், நான் எழுதியதை அவன் ஒருமுறை பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் பேனா அவன் கைக்குப் போய்விடும். மேனேஜர் சாரிடம் இதைக் கேட்கத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவர், "சரி, பண்ணிக்குங்க" என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போன வாரம் சீட்டு படித்துக்கொண்டிருந்த பையனே மூன்று முறை கொட்டாவி விட்டான். டீமேக்கர் அண்ணன் பதறிப்போய், "டேய், உனக்குமா? கண்ணுல கோடு ஏதும் தெரியுதா?" என்றார்.

"இல்லண்ணா, நேத்து மேட்ச்."