தீட்சிதர் வழியில் குழுவாகப் போகிறவர்களுக்கு

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் பிறந்த திருவாரூரில் (1775) தொடங்கி, மறைந்த எட்டயபுரத்தில் (1835) முடிக்க நினைக்கிறீர்களா? திருவாரூருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அரை நாளில் முடிக்கப் பார்க்கிறவர்கள் நடை சாத்தும் உச்சிவேளையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

காலையில் பஞ்சலிங்கங்கள், அதாவது தீட்சிதர் கிருதி (கீர்த்தனை) பாடிய ஐந்து சிவலிங்கச் சன்னதிகள். ஐந்தும் தியாகராஜர் கோயிலுக்குள்ளேயே இருப்பதால் வண்டி தேவையில்லை. அசலேசர் முன் 'ஸதாசலேஸ்வரம்' (பூபாளம்), ஆனந்தேசர் முன் 'ஆனந்தேஸ்வரேண' (ஆனந்தபைரவி), சித்தேசர் முன் 'ஸித்தேஸ்வராய' (நீலாம்பரி) என்பதுபோல் கிருதியையும் சன்னதியையும் முன்கூட்டியே எழுதி எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். பூபாளம் விடியலுக்குரிய ராகம். நடை திறந்ததும் அசலேசரிடம் போங்கள். அதே கோயிலின் கமலாம்பாள் மீது தீட்சிதர் பாடிய கமலாம்பா நவாவரணம் தியானம், மங்களம் சேர்த்துப் பதினொரு கிருதிகள். ஒரே மூச்சில் பாட அவசரப்பட வேண்டாம், பைரவி, ஆஹிரி ராகக் கிருதிகள் விஸ்தாரமாக நிற்கட்டும். பாடுவதற்குக் கோயில் அலுவலகத்தில் முன்பே அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், தம்புரா போதும்.

மாலையில் சாயரட்சை என்னும் அந்திப் பூஜை, அதைத் தவறவிடவே கூடாது.

எட்டயபுரம் மறுநாள்தான். ரயிலில் வந்தால் கோவில்பட்டியில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். தீட்சிதர் மறைந்தது தீபாவளியன்று. அந்நாளில் போக விரும்பினால் ரயில் முன்பதிவு திறந்தவுடனே சீட்டு எடுத்துவிடுங்கள்.