லே போகும்போது வலிக்காத காது

சளி பிடித்தால் இடது காது அடைத்துக்கொள்ளும் உடல்வாகு எனக்கு. விமானம் தரையிறங்கத் தொடங்கியதும் வலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதே வழக்கம். தில்லியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் சென்ற காலை விமானத்தில் அந்த வழக்கம் பொய்த்தது. மொட்டை மலைகள் இருபுறமும் நெருங்கிவர, விமானம் சிந்து ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் தாழ்ந்துகொண்டே போனபோதும் காதில் ஒரு தொந்தரவும் இல்லை.

காரணம் லேயின் உயரம். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் பொதுவாக 8,000 அடி மலையில் இருப்பதைவிடக் குறையாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். லே விமான நிலையமோ ஏறத்தாழ 10,700 அடியில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கதவைத் திறப்பதற்குள் உள்ளழுத்தத்தை இன்னும் குறைத்தாக வேண்டும். விமானம் இறங்கினாலும், காதுக்கு அது மலையேற்றமே. வெளியழுத்தம் குறையும்போது நடுச்செவியில் உள்ள காற்று யூஸ்டேசியன் குழல் வழியாகத் தொண்டைப் பக்கம் தானாகவே வெளியேறிவிடும். அழுத்தம் கூடும்போதுதான் அந்தக் குழல் அமுங்கி மூடிக்கொள்கிறது. எச்சில் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ இயங்கும் தசைதான் அதைத் திறக்க வேண்டும்.

லடாக்கின் வறண்ட குளிரில் மூக்கடைப்போடு திரும்பியபோது கணக்கு நேராயிற்று. ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நிமிடங்களிலேயே, மேலே ஏறிக்கொண்டிருக்கும் விமானத்துக்குள் காது அடைத்தது. உள்ளழுத்தத்தை 8,000 அடி அளவுக்குக் கொண்டுவருவதற்காக அதைக் கூட்டுவதன் விளைவு அது. அதன்பின் 800 அடிக்கும் குறைவான உயரத்தில் உள்ள தில்லி வரை அழுத்தம் கூடுவது மட்டுமே மிச்சம். லேயில் பாதி குடித்து மூடிவைத்த தண்ணீர் பாட்டில் தில்லியை நெருங்குகையில் நசுங்கிக் கிடந்தது. செவிப்பறை உள்நோக்கி இழுபடுவதும் அதே விதத்தில்தான்.

புறப்படுமுன் சென்னையில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், சளி கடுமையாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடும்படியும், முடியாவிட்டால் இறக்கத்துக்கு அரைமணி முன்பே மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைப் போட்டுக்கொள்ளும்படியும் சொல்லியிருந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது எனக்குப் பலன் தந்தது. மூக்கையும் வாயையும் மூடிக் காற்றை உந்துவதை மென்மையாகத்தான் செய்ய வேண்டும். முரட்டுத்தனமாக ஊதினால் உட்செவியே பாதிக்கப்படலாம். வலி முற்றியபின் இவற்றில் எதுவும் எளிதில் எடுபடாது என்பதால், எஞ்சின் ஓசை தணிந்ததுமே தொடங்கிவிட்டேன். முன்பெல்லாம் விமானப் பணிப்பெண்கள் தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டுவார்கள். மிட்டாய் விழுங்க வைத்தது, பஞ்சால் அழுத்தத்துக்கு ஒன்றும் ஆகாது.

வலது காது இறங்குமுன்பே திறந்துகொண்டது. இடது காது மாலைவரை மந்தமாகவே இருந்ததால், அன்றைய சென்னை விமானத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டேன். என்னைப் போன்ற காது உடையவர்கள் லேயிலிருந்து திரும்பும் நாளில் இணைப்பு விமானம் எடுக்காமல், தில்லியில் ஓர் இரவு தங்கும்படி சீட்டுப் பதிவு செய்வது நல்லது.