திருவிடைமருதூரில் கேட்ட கனம்

கார்த்திகை சோமவாரம். கும்பகோணத்தில் மயிலாடுதுறை பஸ் பிடித்து திருவிடைமருதூரில் இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். அது முட்டாள்தனம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மகாலிங்க சுவாமிக்கு அபிஷேகம். மண்டபத்தில் ஏழெட்டு பேர் உட்கார்ந்து, யஜுர்வேதத்தில் சிவனைத் துதிக்கும் ஸ்ரீருத்ரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்து, செல்போனில் பிடிஎஃப்பைத் திறந்து, கூடவே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வருஷமாக யூடியூப் கேட்டுப் பழகியது, கொஞ்சம் பெருமை வேறு. நாலாவது அனுவாகத்தில், அதாவது நாலாவது பகுதியில், பக்கத்துப் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுல ஸ்வரம் ஏறி இறங்கறதுக்குக் கோடுதான் போட்டிருக்கும். காதைக் குடுங்கோ, போறும்."

அபிஷேகம் முடிந்ததும் அவரே பேச்சுக் கொடுத்தார். வேதம் ஓதுவதில் மட்டமானவர்கள் ஆறு பேர் என்று பாணினீய சிக்ஷை என்ற உச்சரிப்பு நூலில் ஒரு சுலோகம் உண்டாம்: பாட்டு மாதிரி இழுப்பவன், அவசரமாக ஓட்டுபவன், தலையை ஆட்டுபவன், எழுதினதைப் பார்த்துப் படிப்பவன், அர்த்தம் தெரியாதவன், குரல் எடுபடாதவன். எண்ணிப் பார்த்தேன். அவசரம் ஒன்றுதான் என்னிடம் இல்லை, பாக்கி அஞ்சும் இருக்கிறது! சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சின்ன வயதில் பாடசாலையில் படித்தவர். குரு ஒரு தடவை சொல்ல, பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், சந்தை என்று பெயர், புஸ்தகத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்களாம்.

அதற்குள் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ருத்ரத்தின் முதல் மந்திரத்தைக் கனமாக, அதாவது பதங்களை முன்னும் பின்னுமாகப் பின்னிச் சொல்லும் முறையில், சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முதல் சுற்றில் நம:, தே, ருத்ர என்று மூன்றே பதம். அது 'நமஸ்தே தே நமோ நமஸ்தே ருத்ர ருத்ர தே நமோ நமஸ்தே ருத்ர' என்று முன்னும் பின்னுமாகப் போய் 13 பதம் ஆகிறது, அப்புறம் ஒரு பதம் தள்ளி மறுபடி அதே சுற்று, இதில் ஒரு எழுத்து விட்டாலும் அடுத்த திருப்பத்தில் இடிக்கும். இடித்தது. இளையவர் ஓரிடத்தில் ஸ்வரத்தை இறக்காமல் விட்டார், எதிரில் இருந்தவர் ஒரு விரலைத் தூக்கினார், அவ்வளவுதான், இரண்டு பேரும் பின்னால் போய் அந்தச் சுற்றை முதலிலிருந்து எடுத்தார்கள். விரல் உயரும் முன்பே என் பக்கத்துப் பெரியவர் 'ம்ஹும்' என்றிருந்தார்.

மருத மரத் தலங்களான ஸ்ரீசைலத்துக்கும் திருப்புடைமருதூருக்கும் நடுவில் இருப்பதால் இந்த ஊர் இடைமருது. ருத்ரமும் அப்படித்தான். அது வரும் யஜுர்வேத நூலான தைத்திரீய சம்ஹிதையின் 7 காண்டங்களில் நடுவாந்திரமான நாலாவதில் ருத்ரம், அதற்குள் எட்டாவது அனுவாகத்தில் 'நம: சிவாய'. இதைப் பெரியவரிடம் ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னேன். "ஓஹோ" என்றார்.

சரி, செருப்பு. வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம், கிழக்கு வாசலில் காத்திருப்பதால் இங்கே வந்த வழியே திரும்பக் கூடாது. தெரிந்தும் அங்கேதான் விட்டிருந்தேன். வேறு வாசலில் வெளியே வந்து, அவ்வளவு பெரிய மதிலைச் சுற்றி, வெறுங்காலோடு நமஸ்தே தே நமோ என்று நடந்தேன். பாதித் தூரத்திலேயே அடுத்த பதம் மறந்துவிட்டது.