பார்த்ததை மட்டும் சொல்லப் பழகுங்கள்: ரீப்பர் ட்ரோன் பயிற்சியும் குவைத் தள வாழ்க்கையும்

அமெரிக்க விமானப்படையில் எம்.க்யூ-9 ரீப்பர் என்ற ஆளில்லா விமானத்தின் சென்சார் ஆபரேட்டராகப் பணியாற்றிவிட்டு வெளியே வந்தவன் நான். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அவர்களைவிட அவர்களுடைய பெற்றோர் கூடுதலாகக் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொதுவெளியில் இல்லாத எதையும் இதில் தொடவில்லை.

வீடியோ கேம் நன்றாக ஆடுகிறவனுக்கு இந்த வேலை சுலபம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கை வேகத்தைப் பயிற்சியில் எவருக்கும் வரவழைத்துவிடுவார்கள். திரையில் தெரிவது என்ன, அதை வைத்து நாம் ஊகிப்பது என்ன என்று பிரித்தறிந்து, பதற்றமான நேரத்திலும் தெளிவாக வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. என்னுடன் பயின்றவர்களில் தடுமாறியவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தடுமாறினார்கள்.

ரீப்பரைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து இயக்குவது இருவர். அதிகாரி தரத்தில் உள்ள விமானி ஒருவர். பக்கத்து இருக்கையில் சென்சார் ஆபரேட்டர். இவர் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை; சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தவர். விமானத்தின் மூக்குக்கு அடியில் தொங்கும் உருண்டைக்குள் பகல் கேமரா, அகச்சிவப்புக் கேமரா, லேசர் எல்லாம் இருக்கின்றன. அந்த உருண்டை முழுவதும் சென்சார் ஆபரேட்டரின் பொறுப்பு. ஏவுகணையை விடுவிப்பவர் விமானி. அது போய்ச் சேரும்வரை லேசர் புள்ளியை இலக்கின்மீது பிடித்திருப்பவர் சென்சார் ஆபரேட்டர். ஓர் இறக்கை முனையிலிருந்து மறு முனைவரை 20 மீட்டர். முழுச் சுமையுடன் எடை 4,700 கிலோவைத் தாண்டும். ட்ரோன் என்றதும் கல்யாண வீட்டில் படமெடுக்கும் சின்னக் கருவியை நினைத்துக்கொண்டு வந்தவர்கள், முதல் முறை அதன் பக்கத்தில் நிற்கும்போது திகைத்துப்போவார்கள்.

சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது. படைவீரராகச் சேர அஸ்வாப் என்ற பொதுத் தேர்வை எழுத வேண்டும். பட்டம் பெற்று விமானியாக விரும்புகிறவர்களுக்கு அதிகாரித் தகுதித் தேர்வும், கை, கண், கவனம் மூன்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் கணினித் தேர்வும் தனியாக உண்டு. அஸ்வாபுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கையும் ஆங்கிலச் சொல்வளத்தையும் ஒழுங்காகத் திருப்பிப் பார்த்தால் போதும்.

நம் குடும்பங்கள் உண்மையில் நேரம் ஒதுக்க வேண்டியது, ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் பாதுகாப்பு அனுமதிக்கு. எஸ்.எஃப்-86 என்ற நீண்ட படிவம் தருவார்கள். வெளிநாட்டிலுள்ள நெருங்கிய உறவினர், அவர்கள் பார்க்கும் வேலை, நீங்கள் போன வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டுச் சொத்து என எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். திருச்சியில் சித்தப்பா அரசு ஊழியராக இருக்கிறார், யாழ்ப்பாணத்தில் பெரியம்மா இருக்கிறார் என்றால் மறைக்க வேண்டாம். உறவினர் வெளிநாட்டில் இருப்பது தன்னளவில் தடை அல்ல; விசாரணை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மறைத்தது பின்னால் தெரியவந்தால் அதோடு முடிந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து கேட்டு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு வேலைக்கே பல இரவுகள் தொலைபேசியில் போயின.

டெக்சாஸிலுள்ள லாக்லாண்ட் தளத்தில் ஏழரை வார அடிப்படைப் பயிற்சி. பிறகு அதே சான் அன்டோனியோ நகரத்தின் ராண்டால்ஃப் தளத்தில் சென்சார் ஆபரேட்டருக்கான தொடக்கப் பாடங்கள். அங்கேயே விமானி மாணவர்களுடன் சேர்ந்து சிமுலேட்டரில் உட்காரவைத்துவிடுவார்கள். அதன் பின் நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளம். வெள்ளை மணல் குன்றுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தளத்தில்தான் உண்மையான ரீப்பரை முதன்முதலில் இயக்குவீர்கள்.

ஹாலோமனில் மனப்பாடத்துக்குத் தப்ப முடியாது. எஞ்சின் நின்றுவிட்டால், இணைப்பு அறுந்தால், தீப்பிடித்தால் செய்ய வேண்டிய முதல் சில படிகளை எழுத்துப் பிசகாமல் எழுதிக் காட்ட வேண்டும். மனப்பாடம் என்றால் நம்மவர்களுக்குப் பயமில்லை. பள்ளியில் திருக்குறள் ஒப்பித்து வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. ஆனால் அடுத்த கட்டம் வேறு மாதிரி. காலையில் வகுப்பு தொடங்கியதும் பயிற்சியாளர் ஒருவரை எழுப்பி நிறுத்தி ஓர் அவசர நிலையைச் சொல்வார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன், நிலைமையை ஆராய்கிறேன், உரிய நடவடிக்கை எடுக்கிறேன், தரையிறங்குகிறேன் என்ற வரிசை மாறாமல் நின்றபடியே தீர்க்க வேண்டும். பதில் தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் முன் பேசாமல் இருப்பதே மரியாதை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இதற்குத் தனியாகப் பழக வேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கர்னலாகவே இருக்கட்டும். வேகம் குறைகிறது என்றால், குறைகிறது என்று அந்த நொடியே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பறத்தலுக்கும் பிறகு அதன் பதிவை ஓட்டிப் பார்த்து அலசுவார்கள். பறந்த நேரத்தைவிட அலசல் நீண்டுபோவது சாதாரணம். அந்த அறையில் பதவிக்கு மதிப்பு இல்லை. யார் செய்தார் என்பதல்ல, எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் பிசகியது என்பதுதான் கேள்வி. தன்னைத் தற்காத்துக்கொண்டு பேசுகிறவனுக்கு அந்த அறை நரகம். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டில் படிக்கும்போது நான் வெறும் நாற்காலியில் அமர்ந்து, திரை எதிரே இருப்பதாக வைத்துக்கொண்டு, முழுப் பறத்தலையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அதைக் கைபேசியில் பதிவு செய்து கேட்பேன். படித்த எந்தப் புத்தகத்தையும்விட எனக்கு அதுதான் உதவியது.

இனி நான் முக்கியமாகக் கருதும் பாடத்துக்கு வருகிறேன். மாணவன் திரையைப் பார்த்து, ஆயுதம் ஏந்திய ஆண் ஒருவன் என்று சொல்வான். பயிற்சியாளர் படத்தை நிறுத்திவிடுவார். ஆண் என்று எப்படித் தெரிந்தது? ஆயுதம் என்று எப்படித் தெரிந்தது? நெருங்கிப் பார்த்தால் தெரிவது, நீளமான ஒரு பொருளைத் தோளில் சாய்த்து நடக்கும் ஓர் உருவம் மட்டுமே. அது மண்வெட்டியாகவும் இருக்கலாம். அகச்சிவப்புக் கேமரா வெப்பத்தைக் காட்டுகிறது. நிறத்தையோ முகத்தையோ காட்டுவதில்லை. காலையிலும் மாலையிலும் தரையின் வெப்பமும் பொருளின் வெப்பமும் ஒன்றாகிவிடும் ஒரு வேளை உண்டு. அப்போது சற்று முன்புவரை தெளிவாகத் தெரிந்த ஒரு வண்டிகூடப் பின்னணியில் கரைந்துபோகும். அந்த நேரத்தில், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லும் தைரியம்தான் தகுதி.

இதைப் பாடப்புத்தக விஷயமாக எண்ணாதீர்கள். 2010 பிப்ரவரி 21 அன்று ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் மூன்று வண்டிகளில் போய்க்கொண்டிருந்த பொதுமக்கள்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தாக்குதல் நடத்தின. அந்த வண்டிகளில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அவற்றை மேலிருந்து பல மணி நேரம் பின்தொடர்ந்தது, நெவாடாவின் கிரீச் தளத்திலிருந்து இயக்கப்பட்ட, ரீப்பருக்கு முந்தைய வகையான ஒரு பிரிடேட்டர் ட்ரோன். குழந்தைகள் இருக்கக்கூடும் என்று படத்தை ஆராய்ந்தவர்கள் சொன்ன தகவல், கைமாறிக் கைமாறிப் பதின்ம வயதினர் என்று மாறிப்போனது. ட்ரோன் குழு தந்த தகவல்கள் துல்லியமற்றவை, தொழில்நெறிக்குப் பொருந்தாதவை என்று ராணுவ விசாரணை எழுதியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ரீப்பர் ஏவிய ஏவுகணையில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பொதுமக்கள் இறந்தார்கள். காரில் ஏற்றப்பட்ட தண்ணீர்க் கேன்கள் வெடிபொருளாகப் பார்க்கப்பட்டன. முன்கூட்டியே ஒரு முடிவை மனதில் வைத்துக்கொண்டு காட்சியைப் படித்ததைத்தான் பின்னர் நடந்த விசாரணை சுட்டிக்காட்டியது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் பயிற்சிக்குப் போகும் முன்பே முழுமையாகப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் இந்த இருக்கையில் அமர மனம் வந்தால் வாருங்கள். வரவில்லை என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. விமானப்படையில் வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன.

இனி வெளிநாட்டுத் தளத்துக்கு. அமெரிக்காவிலிருந்தே இயக்குகிறார்கள் என்றால் வெளிநாட்டில் ஆள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நெடுந்தூரம் பறக்கும்போது கட்டளைகள் செயற்கைக்கோள் வழியாகப் போய் வருவதால் ஒன்றிரண்டு வினாடி தாமதம் ஏற்படுகிறது. வானத்தில் அதைச் சமாளிக்கலாம். கையால் தரையிறக்கும்போது முடியாது. ஆகவே தளத்தில் ஒரு சிறிய குழு, நேரடி ரேடியோ இணைப்பில் விமானத்தை மேலே ஏற்றி, நெவாடா போன்ற இடத்திலுள்ள குழுவிடம் ஒப்படைக்கும். பல மணி நேரம் கழித்துத் திரும்ப வாங்கி இறக்கும். இதற்குத் தனிப் பயிற்சி உண்டு. இப்போது தானியங்கியாக ஏறி இறங்கும் வசதி வந்துவிட்டதால் இந்தக் குழுக்களின் தேவை குறைந்துவருகிறது. வெளிநாட்டுப் பணியை எதிர்பார்த்துச் சேர்கிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நான் இருந்தது குவைத்தின் அலி அல் சலீம் தளம். 1991 வளைகுடாப் போரில் குண்டு துளைத்த கான்கிரீட் விமானக் கூடங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. நாட்டின் வடமேற்கிலுள்ள மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது என்று சொன்னால் வெயில் புரியும். சென்னை வெயில் பழகியவனுக்கு இது பெரிதில்லை என்று நினைத்துப் போக வேண்டாம். வெப்பத்தில் காற்று அடர்த்தி குறையும். எஞ்சினின் வலு இறங்கும். புறப்பட நீண்ட ஓடுபாதை தேவைப்படும். தரையில் நிற்கும் விமானத்தின் மின்னணுக் கருவிகள் சூடேறாமல் குழாய் வழியாகக் குளிர்காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விமானப் பராமரிப்பாளர்கள் அந்த வெயிலில், கை வைத்தால் சுடும் உலோகத்தில் வேலை செய்கிறார்கள். நாங்கள் கட்டுப்பாட்டு அறையான குளிரூட்டிய பெட்டிக்குள் உட்கார்ந்திருப்போம். பணி முடிந்ததும் போய் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். விமானத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

தரையிறக்கம்தான் அங்கே முழுக் கவனத்தையும் கேட்கும் வேலை. விமானியின் எதிரே இருப்பது மூக்குக் கேமராவின் குறுகிய காட்சி. காற்று தள்ளுவது உடம்புக்குத் தெரியாது, எஞ்சின் ஒலி காதுக்கு வராது. ஆகவே உயரம், வேகம், இறங்கும் விகிதம் எல்லாவற்றையும் பக்கத்திலிருப்பவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். புழுதிக் காற்று கிளம்பிவிட்டால் ஓடுபாதை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஹாலோமனில் பழகிய வாய்ப்பேச்சு இங்கே உங்களைக் காப்பாற்றும்.

மற்ற நேரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். பன்னிரண்டு மணி நேர முறைப்பணி, உடற்பயிற்சிக் கூடம், துணி துவைத்தல், தூக்கம். மது கிடையாது. நள்ளிரவுப் பணி என்றால் பகல் முழுவதும் உறங்க வேண்டும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், பணியின் பிற்பாதியில் காப்பியைத் தொடாதீர்கள். கட்டுப்பாட்டு அறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. பெற்றோரே, பல மணி நேரம் பதில் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். டெக்சாஸிலிருக்கும் அம்மாவைவிடத் தமிழ்நாட்டிலிருக்கும் பாட்டியிடம் பேசுவது எளிதாக இருந்தது; குவைத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம்.

உணவுக் கூடத்தில் பரிமாறுகிறவர்கள், துப்புரவு செய்கிறவர்கள் பெரும்பாலும் தெற்காசியர்கள். இராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர் என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, தம்பி தமிழா என்று கேட்டார். அன்றிலிருந்து நள்ளிரவுச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஊரில் முகவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்த பணத்தை அடைக்கவே அவருக்கு முதல் வருடச் சம்பளம் போனதாம். நாங்கள் சில மாதங்களில் திரும்பிவிடுவோம். அவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லி விசாரியுங்கள்.

ஒன்றைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன். மனதுக்குக் கடினமாக இருந்தது குவைத் அல்ல, நான் பணியாற்றிய நெவாடாவின் கிரீச் தளம். குவைத்தில் எல்லாரும் ஒரே நிலையில் இருந்தோம். கிரீச்சில் பணி முடிந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் லாஸ் வேகஸ். வீட்டில் சாப்பாட்டு மேசை. பார்த்ததை அங்கே சொல்லவும் முடியாது. பாதுகாப்பு அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களும் மதகுருமார்களும் அங்கே படைப்பிரிவினர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போவதைப் பலவீனமாக எண்ணி முதல் வருடத்தை வீணாக்காதீர்கள். வீட்டிலிருப்பவர்கள் என்ன நடந்தது என்று துருவாமல், சாப்பிடக் கூப்பிட்டால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியுரிமை இல்லாமல் இங்கே இந்த வேலை கிடைக்காது. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.க்யூ-9பி விமானங்கள் 2020 நவம்பரிலிருந்து அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து குத்தகை அடிப்படையில் பறக்கின்றன. 2024 அக்டோபரில் இந்தியா 31 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. இந்திய முப்படைத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள், தொலைவிலிருந்து இயக்கும் விமானப் பிரிவு என்ற வாய்ப்பும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.